எனக்குச் சர்க்கரை என்று தெரு நம்பிய மாதம்

திண்டுக்கல் மேட்டுப்பட்டிப் பக்கம் யாருக்காவது நிச்சயம், கல்யாணம், வளைகாப்பு என்றால் பெண்ணுக்கு மேக்கப் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் பெயர் அன்புக்கரசி. சிலுவத்தூர் ரோட்டில் ஒரு மாடியில் சின்னதாகப் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அந்தோணிராஜ் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஆத்தூர் பக்கத் தோட்டங்களில் எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் அவர் கடைக்குத்தான் வரும். மோட்டாரோடேயே பழகிப் பழகி மனுஷனுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. "ஓடுது", "ஓடலை" என்ற இரண்டு வார்த்தைகளுக்குள் பாதி வாழ்க்கையை நடத்திவிடுவார். மிச்சப் பேச்சையெல்லாம் வீட்டில் நான்தான் பேச வேண்டும்.

கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. வேறு வேலையில் இருந்திருந்தால் இதை மறந்து கொஞ்ச நேரமாவது இருந்திருப்பேன். என் பிழைப்போ வளைகாப்பு வீடுகளில். நிறைமாதப் பெண்ணுக்குக் கண்மை தீட்டிக்கொண்டிருக்கும்போது அவளுடைய பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உனக்கு எத்தன புள்ளைகம்மா?" என்பார். இதற்கு நான் ஒரு உபாயம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பெரியம்மா, சித்தி வகையில் யாராவது நெருங்குவது தெரிந்தால் நாலைந்து ஹேர்பின்னை எடுத்து வாயில் கவ்விக்கொள்வேன். வாய் நிறைய ஹேர்பின் வைத்திருப்பவளிடம் யாரும் பதிலை எதிர்பார்க்க மாட்டார்கள். ஒரு சீசனில் என் முன்பல் ஒன்று லேசாகத் தேய்ந்தே போனது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது அவர்தான். நான் உடனே தலையாட்டியதற்குக் காரணம் இருந்தது. குறை அவரிடம்தான் என்று எனக்குள் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். நாளெல்லாம் வார்னிஷ் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், செல்போனைக் கால்சட்டைப் பையில் வைக்கிறார், வீடியோக்களில் சொல்லும் அத்தனை அடையாளமும் பொருந்தியது. டாக்டர் சொன்னதும் நான் எப்படிப் பெருந்தன்மையாக அவர் கையைப் பிடிப்பேன், என்ன சொல்லித் தேற்றுவேன் என்பதைக்கூடப் பார்லர் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன். கண்ணீர் வரவேண்டிய இடத்தில் வந்தது. எனக்கே என்மேல் மரியாதை கூடியது.

பைபாஸ் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று யாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மாஸ்க், கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றித் துப்பட்டா எல்லாம் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "வெல்டிங் வைக்கவா போறோம்?" என்றார். அதோடு வண்டியை எடுத்தார்.

உள்ளே போனால், கொரோனா போய் எத்தனையோ நாளாகியும் காத்திருப்பு அறையில் முக்கால்வாசிப் பேர் மாஸ்க் போட்டிருந்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் மட்டும் ஆளுயரக் குழந்தை ஒன்று பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் பர்தா போட்ட ஒரு பெண். கண்ணும் புருவமும் மட்டும்தான் தெரிந்தன. அந்தப் புருவத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடது புருவத்தின் நுனியில் ஒரு தழும்பு, அதை மறைக்க ஒரு சின்ன வளைவு. அந்த வளைவு என் கைவேலை.

பேகம்பூர் உம்மு சல்மா. கல்யாணத்துக்கு நான்தான் மேக்கப் போட்டேன். மாதாமாதம் ஐப்ரோ எடுக்க வருகிறவள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் திருப்பிக்கொண்டேன். செத்த நேரம் கழித்து மெல்லிய குரல் வந்தது.

"அக்கா, மாஸ்க்கு போட்டாலும் ஒங்க சென்ட்டு வாசம் தெரியுதுக்கா."

"சல்மாவா? என்ன இங்கிட்டு?"

"தலவலிக்கா. ஒங்களுக்கு?"

"எனக்கும் தலவலிதான்."

எதிரே இருந்த குழந்தை எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தது. சல்மாதான் முதலில் வெடித்தாள். பர்தாவுக்குள் அவள் தோள் குலுங்கியது. நானும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் யாருக்கு முதலில் டோக்கன் கிடைத்தாலும் மற்றவளுக்கு இடம் பிடித்து வைப்பது என்று ஆனது.

பரிசோதனைகள் தொடங்கின. முதலில் ரத்தம். அப்புறம் உள்ளே கருவியை விட்டு எடுக்கிற ஸ்கேன். பிறகு கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்திப் பார்க்கிற எக்ஸ்ரே. அதற்கு என்னைப் படுக்க வைத்த நர்சம்மா சிரித்த முகமாக, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், லூசா விடுங்க" என்றார். மேலுதட்டில் நூல் போடும்போது நான் எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறேன் இதே வசனத்தை! அது எந்த ஊர் எறும்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவது போல ஒரு வலி. கொஞ்ச நேரம்தான், போய்விட்டது. ஆனால் அதற்குள் நான் மாதாவை, அந்தோணியாரை, பக்கத்துத் தெருப் பிள்ளையாரை எல்லாம் கூப்பிட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து ஒரு அறைக்கு அனுப்பினார்கள். கரண்டு பில் கட்டிவிட்டு வருகிறவர் மாதிரி திரும்பி வந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"அந்த ரூம்புல ஃபேன் ஓடலை. கெப்பாசிட்டர் போயிருக்கு."

அவ்வளவுதான். நான் என் பெருந்தன்மைப் பேச்சை மனதுக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். அவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறதாம். எனக்குத்தான் ஒரு பக்கக் கருக்குழாய் அடைத்திருக்கிறது. வயதுக்கு இருக்க வேண்டிய அளவு கருமுட்டையும் இல்லை. "இது யாரோட தப்பும் இல்ல. இது ஒடம்பு, அம்புட்டுத்தான். வழி இருக்கு, பாக்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன். ஒத்திகை பார்த்த பேச்சு முழுவதும் வீணானது. அதைச் சொல்ல வேண்டியவர் இப்போது அவர். அவருக்கோ பேச வராது.

வண்டியில் திரும்பும்போது நாகல்நகர் பாலத்தில் ஒரு நெரிசலில் நின்றோம். அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "வீட்ல யாராச்சும் கேட்டா எனக்குத்தான் கொறன்னு சொல்லிரு. நான்தான் பேசமாட்டேன்ல. எங்கிட்ட யாரும் கேக்க மாட்டாக."

நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடி அவர் முதுகில் குத்தியிருக்க வேண்டும். வண்டியை மெல்ல நகர்த்தினார்.

மாத்திரையோடு ஆரம்பித்தார்கள். பிறகு அவருடைய விந்தணுவைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அது நிமிஷத்தில் முடிந்துவிடுகிற காரியம். இரண்டு முறையும் பலிக்கவில்லை. அடுத்தது முட்டையை வெளியே எடுத்து, லேபில் கருவாக்கி, திரும்ப உள்ளே வைக்கிற சிகிச்சை. ஐ.வி.எஃப். அதற்கு முன் தினமும் சாயங்காலம் வயிற்றில் ஊசி போட வேண்டும்.

இதை என் மாமியார் ஆனந்தமேரியிடம் சொல்ல வேண்டாம் என்று நான் முடிவு பண்ணினேன். அத்தை நல்லவர். ஆனால் அவர் காதில் விழுவதும் கோயில் மைக்கில் அறிவிப்பதும் எனக்கு ஒன்றுதான். காலைப் பூசைக்குப் போய்விட்டு வருவதற்குள் மூன்று தெருச் செய்திகளை வாங்கி நான்கு தெருவுக்கு விற்றுவிடுவார்.

முதல் ஊசியை வீட்டுக்காரர் போடுவதாக ஏற்பாடு. தலைமுடி கனத்துத் தாமிரக் கம்பியைச் சுற்றுகிற கைகள் அவை. ஊசியை முதலில் தலைகீழாகப் பிடித்தன. நான் தைரியமாகப் படுத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"ஏங்க, கண்ணத் தொறங்க! யாருக்குப் போடுறீக?"

"நீயும் பாக்காத, நானும் பாக்கல."

கடைசியில் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு போட்டார். ஊசி மெல்லியதுதான். வலியே இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் நான் பெரிதாகக் கத்தினேன். கத்துவதற்காகக் காலையிலிருந்தே மூச்சு சேர்த்து வைத்திருந்தேன், அதை வீணாக்க மனம் வரவில்லை. கூடத்திலிருந்து அத்தை, "என்னடி அங்க?" என்றார். "பல்லி!" என்றேன்.

மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். தோசைமாவுத் தூக்குக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். அத்தை மாவு எடுக்கமாட்டார் என்று எந்தத் துணிச்சலில் நம்பினேனோ தெரியாது. தினமும் அந்த வீட்டில் மாவு எடுப்பதே அவர்தான்.

ஒரு நாள் காலையில் என் காபியில் சீனி இல்லை. மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். மத்தியானம் சோற்றுக்குப் பதில் கம்பங்கூழ். தொட்டுக்கொள்ள வெஞ்சனமாகப் பாகற்காய். சாயங்காலம் ஒரு டம்ளரில் பச்சையாக எதையோ நீட்டினார். குடித்துப் பார்த்தால் பாகற்காய்ச் சாறு. என்ன அத்தை இது என்று கேட்டால், என் தலையைத் தடவி, "ஒண்ணுமில்ல தாயி, ஒடம்புக்கு நல்லது, குடி" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விஷயம் புரிந்தது. பூசை முடிந்து வெளியே வந்தபோது எதிர்வீட்டு சுந்தரம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுலயே வந்துருச்சாமே! எங்க வீட்டுக்காரரு இருவது வருசமா ஊசி போட்டுக்கிட்டுத்தான இருக்காரு, கல்லு மாதிரி இருக்காரு. கவலப்படாத" என்றார். ஃபிரிட்ஜில் ஊசியைப் பார்த்த அத்தை எனக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டி, என் மனம் நோகக் கூடாது என்று என்னிடம் மட்டும் மறைத்து, ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அந்த மாதம் நான் பட்டதை எந்த டாக்டரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. வாசலில் ஆவாரம்பூ வந்தது. நாவல்கொட்டைப் பொடி வந்தது. பார்லருக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கும் சடையாண்டி அண்ணன் நான் கேட்காமலே சீனி போடாத டீயை அனுப்பினார். வேண்டாமென்று மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்வதைவிடப் பாகற்காய் எவ்வளவோ மேல். எல்லாவற்றையும் வாங்கிக் குடித்தேன்.

ஊசி மருந்து ஒரு பக்கம் தன் வேலையைக் காட்டியது. வயிறு உப்பி எந்த ரவிக்கையும் சேரவில்லை. மனசும் உப்பிப் போயிருந்தது. கல்யாண வீடொன்றில் லட்டுத் தட்டு என் முன்னால் வந்தது. நான் கையை நீட்டுவதற்குள் ஒரு அம்மா, "ஐயோ, அதுக்கு ஆகாது!" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அழுதேன். நிஜமாகவே அழுதேன், லட்டுக்காக, மணப்பெண்ணுக்கு ஒரு கண்ணில் மட்டும் மை போட்டிருந்த நிலையில். அவள் மிரண்டு போய், "அக்கா, நான் கல்யாணம் வேணாம்னு சொல்லிரவா?" என்று கேட்டாள். என் அழுகைக்கு அவள் என்ன அர்த்தம் பண்ணிக்கொண்டாளோ!

வீட்டிலும் அப்படித்தான். ரசத்தில் மல்லித்தழை மிதந்ததற்காக ஒரு நாள் அவரோடு சண்டை போட்டேன். "மல்லித்தழைய நானா போட்டேன்?" என்றார். "நீங்க ஏன் அத ஒதுக்கலை?" என்றேன். அவர் என் கிண்ணத்தோடு எழுந்து போய், ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தார். அதற்கும் அழுதேன்.

இதெல்லாம் மருந்தால் வருவது, முடிந்ததும் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது அவர் வழக்கம்போல, "வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். ஆவாரம்பூ, நாவல்கொட்டை, பாகற்காய், சுந்தரம்மாள் கொடுத்த பெயர் தெரியாத ஒரு வேர். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரக் கேட்டுக் குடிச்சீங்க? இன்னைக்கே அம்புட்டையும் நிறுத்துங்க. சர்க்கரை கொறைஞ்சு நடுரோட்டுல மயங்கி விழவா?"

வேறு வழியில்லை. அன்று சாயங்காலம் அத்தை டம்ளரோடு வந்தபோது சொல்லிவிட்டேன். "அத்தை, எனக்குச் சக்கரையெல்லாம் இல்ல. புள்ளைக்காக ஊசி போட்டுக்கிட்டு இருக்கோம். ஒங்ககிட்ட சொன்னா ஊரெல்லாம் தெரிஞ்சுரும்னு சொல்லலை."

கடைசி வார்த்தையை விட்டிருக்கலாம். வாய் தானாக முடித்துவிட்டது.

அத்தை டம்ளரைக் கையில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். "சக்கரைக்கு ஆளு எளைக்கணுமே, இவ ஊதிக்கிட்டே போறாளேன்னு நானும் நெனச்சேன்" என்றார். பிறகு டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபித்துக்கொண்டார் என்று நான் பயந்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தது வேறு.

"அப்ப தெருவுல என்ன சொல்றது? சக்கர போயிருச்சுன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாக. என்னன்னு தோண்டிருவாக." டம்ளரிலிருந்த சாற்றை ஒரே மடக்கில் தானே குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சக்கரைன்னே இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். கோயில் மைக் என்று நான் பயந்த பெண்மணி அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. தெருவார் கொண்டுவரும் பாகற்காயையெல்லாம் வாசலிலேயே நின்று வாங்கி, "இப்பத்தான் கொஞ்சம் கட்டுக்குள்ள வந்திருக்கு" என்று கூசாமல் சொல்லிவிட்டு, உள்ளே வந்து எனக்குச் சீனி போட்ட காபியை நீட்டுவார். பாகற்காயை வறுத்து மகனுக்கு வைத்தார். அவர் அத்தனையும் தின்றார்.

முட்டை எடுக்கிற அன்று வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். மயக்க மருந்து கொடுத்ததுதான் தெரியும். கண் விழித்தபோது அடிவயிற்றில் ஒரு பிடிப்பு, பக்கத்தில் அவர். அவர் முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு.

"என்னங்க?"

"மயக்கத்துல டாக்டரம்மாட்ட, மேலுதட்டுல மூணு முடி இருக்கு, ஓசியில எடுத்து விடுறேன்னு சொன்னியாம். நர்சுக எல்லாம் வரிசையா நிக்கிறாங்க, அவங்களுக்கும் எடுக்கணுமாம்."

கிடைத்தது ஐந்து முட்டை. அடுத்த நாள் லேபிலிருந்து போன் வந்தது: மூன்று கருவாகியிருக்கிறது. அப்புறம் ஒரு போன்: இரண்டுதான் நன்றாக வளர்கிறது. பத்தாவது ரிசல்டுக்குக்கூட நான் போனை இப்படி நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரியவில்லை. இரண்டில் ஒன்றை இப்போது வைப்பது, இன்னொன்றை உறைய வைப்பது என்று முடிவானது.

கரு வைக்கிற அன்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். மொத்தச் சிகிச்சையிலும் எனக்குக் கொடுமையானது அதுதான். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "இதுதான்" என்றார்கள். நான் நெகிழ்ந்து போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் குனிந்து, "இம்புட்டுத்தானா?" என்றார்.

வழக்கம்போல வேலை பார்க்கலாம், நடக்கலாம், படிகூட ஏறலாம் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். நான் அதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, தலையில் தண்ணீர்க் குடம் இருப்பவள் போல நடந்தேன். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். இருமினால் புள்ளி நழுவிவிடுமோ என்று பயம். ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். மார்பு வலிக்கிறது, நல்ல அறிகுறி என்று சல்மாவுக்குப் போன் போட்டேன். மறுநாள் வலிக்கவில்லை, அதுவும் நல்ல அறிகுறிதான் என்று போன் போட்டேன். அவள் முன்பே இரண்டு முறை இந்த வழியில் போய் வந்தவள். "ஆமாக்கா, ஆமாக்கா" என்று கேட்டுக்கொண்டாள். ஒரு முறைகூட எதிர்த்துச் சொல்லவில்லை.

வீட்டில் பரிசோதிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற அட்டை வாங்கிப் பார்லரில் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடு. மேக்கப்புக்கு வைத்திருக்கும் ரிங் லைட்டைப் போட்டு, அதன் கீழ் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடு. போட்டோ எடுத்துப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, மணப்பெண்களுக்குப் போடும் ஃபில்டரெல்லாம் போட்டுப் பார்த்தேன். கருத்த முகத்தைச் சிவப்பாக்குகிற ஃபில்டர்களால் எனக்கு ஒரு இரண்டாவது கோட்டைப் போட முடியவில்லை. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

அன்று அவர் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. வண்டியை நேராக ஆத்தூர் அணைப் பக்கம் விட்டார். கரையில் உட்கார்ந்தோம். தண்ணீர் வற்றி ஓரத்தில் மாடுகள் மேய்ந்தன. நான் அழவில்லை. ஊசி போட்ட நாளெல்லாம் லட்டுக்கும் மல்லித்தழைக்கும் அழுது தீர்த்ததில் அழ வேண்டிய நாளுக்கு ஒன்றும் மிச்சமில்லை போலிருந்தது. அவர் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"இன்னொண்ணு இருக்குல்ல" என்றார் கடைசியில்.

"பயமா இருக்குங்க."

"சரி. நீ சொல்றப்ப பாக்கலாம். சொல்லலைன்னா வேணாம். எனக்கு நீ இருந்தாப் போதும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தொடர்ச்சியாகப் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று. அதைக் கேட்டதும் எங்கிருந்தோ அழுகை வந்துவிட்டது.

மறுநாள் சின்னாளப்பட்டியில் ஒரு வளைகாப்பு. முன்பே ஒப்புக்கொண்டது, விட முடியவில்லை. தமிழ்மதி என்ற பெண், ஏழாம் மாதம். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற வீடு. வெளிர்மஞ்சளில் அவர்களே சாயம் போட்ட சேலையைக் கட்டியிருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போட்டு முடித்தேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு அவள் வயிற்றில் கை வைத்துச் சிரித்தாள். நான் பிரஷ் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது என் கண்மை தாடை வரை வந்திருந்தது. வாட்டர் ப்ரூஃப் மையை வாடிக்கையாளர்களுக்கு மட்டும் போடுகிற கஞ்சத்தனம்.

தமிழ்மதி என்னைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு, "உக்காருங்கக்கா" என்றாள். என் பெட்டியிலிருந்தே பிரஷை எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, என் முகத்தைத் துடைத்துப் பவுடர் போட்டு, மை தீட்டி, புருவம் வரைந்தாள். வெளியே நாயனக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள், பெண் எங்கே என்று வீட்டார் தேடினார்கள். அவள் அவசரப்படவில்லை. முடித்துவிட்டு, "இப்ப அழகா இருக்கீக" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். நெற்றிக்குக் கீழே இரண்டு கம்பளிப்பூச்சிகள் எதிரும் புதிருமாகப் படுத்திருந்தன. அதைத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த முகத்தோடேயே பஸ் ஏறித் திண்டுக்கல் வந்தேன். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது ஒரு தரம் கூடுதலாகப் பார்த்தார்.

சில மாதம் கழித்து, "பாக்கலாங்க" என்றேன். இந்த முறை முட்டை எடுக்கிற ஊசிகள் இல்லை. மாத்திரை, பிறகு உறைய வைத்ததை உருக வைத்து உள்ளே வைப்பது மட்டும். நான் அட்டை வாங்கவில்லை. ரிங் லைட்டை எடுத்து பீரோவுக்கு மேல் வைத்துவிட்டேன். ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டரம்மா போனில் சொன்னபோது, "வேற யாரோட ரிப்போர்ட்டையும் மாத்திப் பாக்கலையே மேடம்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இன்னும் நிறைய தூரம் இருக்கிறது, ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரியட்டும் என்றார். அது தெரிந்த அன்று என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்து என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சல்மாவிடம் மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அவளுக்கு மூன்றாவது முறையும் அந்தச் சமயத்தில்தான் தவறியிருந்தது. அவள் பார்லருக்கு வந்தபோதெல்லாம் நான் கேஸ் டிரபிள் என்றேன், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நடுவில் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு ஏலக்காய் மென்றுகொண்டு வருவேன். ஒரு நாள் அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"எத்தன மாசம்க்கா?"

என் கையில் நூல் அப்படியே நின்றது. "ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்காக நீங்க கேஸ் டிரபிள்னு சொன்னா நான் நம்பணுமாக்கா? அம்புட்டு நாளு ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கோம்." கண்ணைத் திறந்தாள். கலங்கியிருந்தது. "நானும் எங்க வீட்டுக்காரரும் நிறுத்திட்டோம்க்கா. டாக்டர் இன்னும் ஒருக்க பாக்கலாம்னுதான் சொன்னாக. ஃபயாஸ் என் மொகத்தப் பாத்துட்டு வேணாம்னுட்டாரு. எத்தன வருசமா ஊசி நாளு, ஸ்கேன் நாளுன்னே எல்லா நாளும் போச்சு. இனி எனக்குன்னு கொஞ்ச நாளு வேணும். வீட்டுக்குப் போயி அழுதுக்கிறேன். நீங்க வேலயப் பாருங்க."

நான் பார்த்தேன். ரொம்ப மெதுவாக, எறும்பு என்றெல்லாம் சொல்லாமல். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் வரவில்லை. பிறகு வந்தாள். வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்தாள், நான் நூலை எடுத்தேன்.

மகள் பிறந்தாள், ஆபரேஷன்தான். அமலி என்று பெயர் வைத்தோம். இவ்வளவு ஏங்கிப் பெற்ற பிள்ளையை நான் நாளெல்லாம் கொஞ்சிக்கொண்டே இருப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாவது வாரமே, "யாராச்சும் செத்த நேரம் இவளத் தூக்கிட்டுப் போங்க, நான் தூங்கணும்" என்று அத்தையிடம் அழுதேன். அத்தை தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் நின்று, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கதை மொத்தத்தையும் அன்றே சொல்லி முடித்தார். ஒரு ஊசியைக்கூட விடவில்லை.

இப்போது அமலி பார்லரில் என் காலடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பல் முளைத்திருக்கிறது. நேற்று ஒரு வாடிக்கையாளருக்குக் கொண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் புது லிப்ஸ்டிக்கில் பாதியைத் தின்றுவிட்டாள். பதறிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் ஓடினோம். ஒன்றும் ஆகாது என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தும் வாயெல்லாம் சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா துணியை நனைத்துக்கொண்டு வந்து துடைத்துப் பார்த்தார், போகவில்லை.